லக்கோட்டாவுக்கு ஒரு லக்கோட்டா

கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் 2011ல் நாங்கள் வீடு வாங்கியபோது கொல்லை மூலையில் இருபத்தைந்து அடி உயரத்துக்கு ஒரு மரம் நின்றது. வீட்டைக் காட்டிய ஏஜெண்ட், "சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார். இலை ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். மேலே கரும்பச்சை, அடியில் கம்பளி மாதிரி பழுப்பு ரோமம். நானும் அழகுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் அம்மாவும் அப்பாவும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். ஜெட்லாக்கில் விடியற்காலை கொல்லையில் நடந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கத்தினாள்: "ஏண்டி, இது லக்கோட்டாடி! வீட்டுல லக்கோட்டா மரத்த வெச்சுண்டு கடையில ஆப்பிள் வாங்கிண்டிருக்கியே!" அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு லக்கோட்டா என்றால் அரக்கு முத்திரை வைத்த கடித உறை. "மரத்தில் கடுதாசியா காய்க்கிறது?" என்று கேட்டார். பெங்களூரில் வளர்ந்த அம்மாவுக்கு அது லக்கோட்டே ஹண்ணு. கன்னடத்திலும் உறைக்கு அதே சொல்தான் என்பதால் அப்பாவின் கிண்டல் அவளுக்குப் புதிதில்லை.

ஆங்கிலத்தில் லோக்வாட். அது கான்டனீஸ் மொழியின் லோ குவாட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பிபா என்பார், எதிர்வீட்டு மெக்சிகோக்காரர் நிஸ்பெரோ என்பார், ஜப்பானில் பிவா. எரியோபோட்ரியா ஜபோனிகா என்ற தாவரவியல் பெயரில் ஜப்பான் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், ஸ்வீடன்காரரான துன்பெர்க் 18ஆம் நூற்றாண்டில் அதை ஜப்பானில் பார்த்துப் பெயர் வைத்ததுதான். பிறந்த ஊர் சீனா.

அந்தக் கிழட்டு மரத்தின் பழம் கோலிக்குண்டு அளவு. தோலை உரித்து, மூன்று கொட்டையை எடுத்தால் மிச்சம் ஒரு வாய் கூடத் தேறாது. ஆனால் அந்த ஒரு வாய் இருக்கிறதே, ஆப்ரிகாட்டும் மாம்பழமும் கொஞ்சம் எலுமிச்சையும் கலந்த மாதிரி. அன்றிலிருந்து இந்த மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2014ல் இரண்டாவதாக ஓர் ஒட்டுச் செடியும் வைத்தேன். இவற்றிலிருந்து கற்றதை ஒரே வரியில் சொல்வதென்றால், இந்த மரம் தானாக வளர்ந்துவிடும். நமக்கு வேண்டியது கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் தைரியம். பூவைக் கிள்ளவும் பிஞ்சைக் கலைக்கவும் கிளையை வெட்டவும் மனசு வராதவர்களுக்கு மரம் கிடைக்கும், பழம் கிடைக்காது.

எதை நடுவது

கொட்டையை நட்டால் முளைக்கும். சாப்பிட்ட கையோடு மண்ணில் அழுத்த வேண்டும், காய்ந்துபோனால் முளைக்கும் சக்தி சீக்கிரம் போய்விடும். அம்மா தொட்டியில் போட்ட பத்தில் எட்டு முளைத்தன. ஆனால் விதைச்செடி காய்க்க ஆறேழு வருஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம். பழம் தாய்மரம் மாதிரி இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. என் மூலை மரமே அதற்குச் சாட்சி. ஒட்டுச் செடி வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் பழம்.

கலிஃபோர்னியாவில் நர்சரிகளில் வழக்கமாகக் கிடைப்பவை சில. 'பிக் ஜிம்' சான் டியேகோவில் தோன்றிய ரகம். பெரிய பழம், ஆரஞ்சு நிறச் சதை, தனி மரமாகவே காய்க்கும். 'கோல்ட் நக்கெட்' தனியாகக் காய்க்கும் இன்னொரு ரகம், கொஞ்சம் தாமதமாகப் பழுக்கும். 'ஷாம்பெயின்' வெள்ளைச் சதை; ருசியில் எனக்கு அதுதான் முதலிடம், ஆனால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தால்தான் ஒழுங்காகக் காய்க்கும். இதையும் 1897ல் வந்த 'அட்வான்ஸ்' என்கிற குட்டை ரகத்தையும் அறிமுகப்படுத்தியவர் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் ஊரைச் சேர்ந்த ஸி. பி. டாஃப்ட். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவர் தேர்ந்தெடுத்தவற்றைத்தான் இன்னும் நட்டுக்கொண்டிருக்கிறோம். நான் வைத்தது பிக் ஜிம். இடம் ஒன்றுதான் உண்டு என்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

குளிர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மரம் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கிவிடும். சிக்கல் என்னவென்றால் இது ஊரோடு ஒத்துப்போகாத மரம். எல்லாம் இலை உதிர்த்துத் தூங்கும் நவம்பர், டிசம்பரில் இது பூக்கும். பூ மைனஸ் 7ல் கருகும், பிஞ்சு மைனஸ் 3, 4லேயே போய்விடும். எங்கள் பக்கம் அவ்வளவு குளிர் அபூர்வம், அதனால் கவலையில்லை. பனி கொட்டும் ஊரில் இருப்பவர்களுக்கு இது இலைக்காக வளர்க்கும் மரம், அவ்வளவுதான்.

நடுவது

நாள் முழுக்க வெயில் விழும் இடம். சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை போகிற மாதிரி வைக்காதீர்கள். உதிர்ந்த பழம் காரின் மேல் காய்ந்தால் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். கீழே எலிக் கதையும் வருகிறது, வேலியை விட்டுத் தள்ளி வைக்க அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மண் களிமண். கோடையில் செங்கல், மழைக்காலத்தில் அல்வா. லக்கோட்டா எந்த மண்ணிலும் வரும், தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. நான் செய்தது: குழியைத் தொட்டியின் ஆழத்துக்கு மேல் வெட்டவில்லை. அகலத்தை மட்டும் மூன்று மடங்கு எடுத்தேன். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டேன். குழிக்குள் மட்டும் பொலபொலவென்று உர மண்ணை நிரப்பினால் களிமண்ணுக்கு நடுவில் அது ஒரு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வேர்ப்பந்தின் மேல்மட்டம் தரையை விட மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கிற மாதிரி மேடு கட்டி வைத்தேன். ஒட்டு போட்ட இடம் மண்ணுக்குள் போகக் கூடாது.

மேலே மரச்சீவல் மூடாக்கு, நான்கு அங்குலம், அடிமரத்திலிருந்து அரையடி தள்ளி. மரம் வெட்டும் ஆட்கள் தெருவில் வேலை செய்யும்போது கேட்டால் சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள். இதன் வேர் மேலாகவே ஓடும், அதனால் மண்வெட்டியால் களை கொத்துவதை மறந்துவிடுங்கள். மூடாக்கு இருந்தால் களையே வராது. மரத்தின் சொந்த இலையும் வருஷம் முழுக்க உதிரும். அப்பளம் மாதிரி மொடமொடவென்று கிடக்கும், மக்க வெகுநாள் ஆகும். அதை வாரிக்கொண்டே இருக்காமல் அப்படியே மூடாக்கோடு விட்டுவிடலாம்.

தண்ணீரும் உரமும்

இங்கே மழை நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். முதல் இரண்டு கோடை, வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டேன். வேர் பிடித்த பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். விடுவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். நான்கு அங்குலம் சுலபமாக இறங்கினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய் பருக்கும் மார்ச், ஏப்ரலில் மட்டும் வறட்சி கூடாது. மழை சீக்கிரம் நின்றுவிட்டால் அப்போது குழாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் பழம் மறுபடி கோலிக்குண்டுதான்.

உரத்தில் நான் சூடுபட்டவள். மூலை மரத்தைச் சுற்றி அப்போது புல்தரை இருந்தது. புல் பச்சையாக இருக்க வேண்டும் என்று என் கணவர் புல் உரத்தைத் தாராளமாக இறைத்தார். புல்லில் பாதியும் மரத்தில் முழுசும் பச்சை. பார்க்க ஜோராக இருந்தது, அந்த வருஷம் பூ மட்டும் விரல்விட்டு எண்ணலாம். நைட்ரஜன் அதிகமானால் மரம் இலையாகப் போட்டுத் தள்ளும். அந்தத் தளதள கொழுந்துதான் அடுத்துச் சொல்லப்போகிற நோய்க்கும் பிடித்த தீனி. இப்போது பழம் பறித்து முடித்ததும் இரண்டு கூடை மக்கிய உரம், அத்தோடு சரி.

கருகல் நோய்

ஃபயர் ப்ளைட். பேரிக்காய், ஆப்பிள், லக்கோட்டா எல்லாம் ரோஜா குடும்பத்துச் சொந்தக்காரர்கள், பாக்டீரியாவால் வரும் இந்த நோயும் குடும்பச் சொத்து. 2016-17 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் மழை கொட்டித் தீர்த்தது. அந்த வசந்தத்தில் ஒட்டு மரத்தின் ஒரு கிளை நுனி கருத்து, கொக்கி மாதிரி வளைந்து தொங்கியது. இலைகள் உதிரவில்லை, யாரோ தீவட்டி காட்டின மாதிரி கருகி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு நர்சரியில் படம் காட்டிக் கேட்டேன். தண்ணீர் போதவில்லை என்றார்கள். நானும் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். கருப்பு நுனியிலிருந்து இறங்கி இறங்கி முக்கியக் கவைக்கு வந்துவிட்டது. மூன்றில் ஒரு கிளையை அடியோடு எடுக்க வேண்டியதாயிற்று.

தண்ணீர் போதாத மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வாடும். ஒரே ஒரு நுனி மட்டும் கருகினால் அது ப்ளைட். பார்த்த அன்றே, மழையில்லாத நாளாக இருந்தால், கருப்பு முடிகிற இடத்திலிருந்து ஓர் அடி கீழே, ஆரோக்கியமான மரத்தில் வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவதை விடக் கீழே வரை கிருமி போயிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நாமே ஊசி போட்டு நோயைப் பரப்பின மாதிரி. வெட்டியதை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி வெளியேற்றுங்கள். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தது, இரண்டும் ஒரு முழத்தோடு போயிற்று.

பூவைக் கிள்ளு, பிஞ்சைக் கலை

ஒட்டுச் செடி முதல் வருஷமே பூக்கும். ஆசையாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருஷம் பூங்கொத்தைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள், மரம் முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும். மூன்றாம் வருஷத்திலிருந்து விடலாம். நவம்பரில் கொல்லைக் கதவைத் திறந்தால் பாதாம் வாசனை அடிக்கும். அந்தக் குளிரிலும் தேனீ மொய்க்கும், அதற்கு அப்போது வேறு போக்கிடம் கிடையாது.

ஒரு கொத்தில் நூறு பூ கூட இருக்கும். ஜனவரி கடைசியில் பார்த்தால் பத்துப் பதினைந்து பிஞ்சு நிற்கும். அவை சுண்டைக்காய் அளவு வந்ததும் கொத்துக்கு நான்கைந்து மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய பிஞ்சுகளை வைத்துக்கொண்டு, நுனியில் இருப்பதையும் கோணலாக இருப்பதையும் சின்னக் கத்தரியால் நறுக்குங்கள். பிடித்து இழுத்தால் கொத்தே கையோடு வரும்.

2018ல் அம்மா ஜனவரியில் வந்திருந்தாள். நான் நறுக்க நறுக்க அவள் கீழே நின்று பொறுக்கிக்கொண்டே புலம்பினாள். "பிஞ்சைப் போய் இப்படிக் கொல்றியே, கை கூசலையா உனக்கு?" கூசத்தான் செய்தது. அதனால் ஒரு பந்தயம் வைத்தோம். தெற்குப் பக்கக் கிளை ஒன்றை அவள் பெயரில் தொடாமல் விட்டேன். மே மாதம் அவள் கிளையில் கொத்துக்குப் பன்னிரண்டு, எல்லாம் கோலிக்குண்டு, கொட்டையும் புளிப்பும். கலைத்த கிளையில் கொத்துக்கு நாலு, ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காயை விடப் பெரிசு. கொட்டை எப்படியும் அதே அளவுதான் இருக்கப்போகிறது, பெருப்பதெல்லாம் சதை. அம்மா அதைத் தின்றுவிட்டு, "அது வேற, இது வேற ஜாதி" என்று சொல்லிவிட்டாள்.

கலைத்ததும் உறை போடுவது. இது சீனப் பாட்டியிடம் கற்றது. அவர் ஊரிலும் ஜப்பானிலும் தோட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாகக் காகிதப் பை கட்டுவார்களாம். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், எப்படி மடிக்க வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். பிள்ளைகள் பள்ளிக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் பழுப்புக் காகிதப் பை போதும். கொத்தை உள்ளே விட்டு, வாயைக் காம்பைச் சுற்றி மடித்து, கம்பியால் ஒரு முறுக்கு. தண்ணீர் வடிய அடி மூலைகளில் சின்ன ஓட்டை. பறவை கொத்தாது, காற்றில் இலை உரசித் தோல் கீறாது. மே மாதத்தில் திடீரென்று 35 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பழத்தின் ஒரு பக்கம் வெந்து பழுப்பாவதும் நிற்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே அவிந்துவிடும். மரம் முழுக்கப் பழுப்பு உறைகளாகத் தொங்கியதை வீடியோவில் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "நான்தான் அப்பவே சொன்னேனே, லக்கோட்டா காய்க்கிற மரம்னு!"

எலிக்கும் அணிலுக்கும் காகிதம் ஒரு பொருட்டில்லை. கிளைகள் வேலியையும் கூரையையும் தொடாமல் நான்கடி இடைவெளி வைத்தேன், உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கினேன். பாதிக்கு மேல் குறைந்தது. மீதி அவற்றின் பங்கு.

கவாத்து

பழம் பறித்து முடித்த கையோடு, ஜூனில். இதில் தேதி தவறக் கூடாது. பறிப்புக்குப் பிறகு விடும் துளிரின் நுனியில்தான் இலையுதிர்காலத்தில் பூ வரும். அக்டோபரில் 'கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம்' என்று கத்தரித்தால் அடுத்த வருஷப் பழத்தைத்தான் வெட்டிப் போடுகிறீர்கள். வேலிச் செடி மாதிரி மேலாகச் சுற்றி நறுக்குவதும் அதே தப்புதான். உள்ளே குறுக்கே ஓடுவது, ஒன்றையொன்று உரசுவது, நெட்டுக்குத்தாக அம்பு மாதிரி கிளம்பும் போத்து ஆகியவற்றை அடியோடு எடுங்கள். நடுவில் வெளிச்சம் இறங்க வேண்டும்.

உயரம் எட்டடிக்கு மேல் போக விடாதீர்கள். ஏணியில் ஏறித்தான் உறை கட்ட வேண்டும் என்றால் இரண்டாவது வருஷம் கட்ட மாட்டீர்கள், நம் சோம்பேறித்தனம் நமக்குத் தெரியாதா. மூலை மரத்தை மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரே தடவையில் மொட்டையடித்தால் இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டையில் வெயில் விழுந்து வெடிக்கும். திறந்துபோன கிளைகளுக்கு வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டில் சரிபாதி தண்ணீர் கலந்து பூசினேன்.

அந்த மரத்தைப் பிறகு வெட்டிவிடாமல் அதிலேயே ஷாம்பெயின் ஒட்டினேன். 1968ல் தொடங்கிய கலிஃபோர்னியா ரேர் ஃப்ரூட் க்ரோவர்ஸ் என்கிற பழமரப் பிரியர்கள் சங்கத்தின் சான்டா கிளாரா பள்ளத்தாக்குக் கிளை ஜனவரியில் ஒட்டுக்குச்சி பரிமாற்றம் நடத்தும். பென்சில் தடிமனில் குச்சி வாங்கி, இலையெல்லாம் நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். துளிர்விடும் நேரத்தில், மார்ச்சில், கிளையைப் பிளந்து ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகினேன். இரண்டின் பச்சைப் பட்டையும் ஒரு பக்கமாவது சேர வேண்டும். மேலே டேப், வெயில் படாமல் ஒரு காகிதப் பை. ஆறில் நாலு பிடித்தது. பக்கத்தில் பிக் ஜிம் இருப்பதால் ஷாம்பெயினுக்கு மகரந்தத்துக்கும் குறைவில்லை.

பறிப்பது

பறித்த பிறகு பழுக்கிற பழம் இல்லை இது. காம்படியில் பச்சை முழுக்கப் போய், லேசாக அழுத்தினால் கொடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இன்னும் மூன்று நாள் விடுங்கள். இழுக்காமல் கொத்தோடு கத்தரித்து, ஒரே அடுக்காகத் தட்டில் வையுங்கள். விரல் பட்ட இடம் மறுநாள் கருக்கும்; கடைகளில் இது அவ்வளவாகக் கிடைக்காததற்கு அதுவே முக்கியக் காரணம். கொட்டையைக் கடிக்கவோ, மிக்ஸியில் பழத்தோடு சேர்த்து அரைக்கவோ கூடாது. ஆப்பிள் விதை மாதிரி அதிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இரண்டு கையாலும் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வையும் சேர்த்து உரித்துவிடுங்கள், அதுதான் துவர்க்கும்.

ஏப்ரல் நடுவில் சில கொத்துகள் பாதி மஞ்சளாக, நல்ல புளிப்போடு இருக்கும். ஜாமுக்கு அதுதான் சரியான பதம், தானாகவே கெட்டிப்படும். ஆனால் எங்கள் வீட்டில் ஜாம் வரை போவதில்லை. சித்திரை முதல் தேதி அன்றைக்கு நல்ல புளிப்பு மாங்காய் இங்கே கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அம்மாதான் ஒரு வருஷம் லக்கோட்டாவை நறுக்கி, வெல்லம் போட்டு, ஒரு வற்றல் மிளகாய் தாளித்துப் பச்சடி வைத்தாள். மாங்காய் பச்சடியை விடச் சீக்கிரம் வெந்துவிடும், அதனால் வெல்லப்பாகு கொதித்த பிறகுதான் துண்டுகளைப் போட வேண்டும். வேப்பம்பூ மட்டும் அவள் பெட்டியில் வந்தது.